கணுக்கால் ஒற்றை எலும்பு இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் கணுக்கால் சுளுக்கைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் யாரென்று போடவில்லை, அது கிடக்கட்டும். கட்டுரையைவிட அதற்குப் பக்கத்தில் இருந்த படம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. முழங்காலிலிருந்து எலும்பு நேராக இறங்கி வந்து குதிகால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு முண்டு, அவ்வளவுதான் கணுக்கால். நடுவில் இருக்க வேண்டிய ஒரு எலும்பையே காணோம். ஏதோ ஓரத்தில் கிடக்கிற சின்ன எலும்பாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன், ஆனால் நாம் நிற்கும்போது உடம்பின் எடை பாதத்துக்குள் இறங்குகிற வழியே அதுதான்.

நான் டாக்டர் இல்லை. பினாங்கில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களிடம் வருகிற கால்களில் பாதி, வருவதற்கு முன்னாலேயே யாராவது ஒருவர் இழுத்து, முறுக்கி, நீவிவிட்ட கால்களாகத்தான் இருக்கும். உங்கள் கட்டுரையும் "நன்றாக எண்ணெய் போட்டு நீவி, ஒரு இழு இழுத்தால் நரம்பு இடத்துக்கு வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறது. மஞ்சளும் புளியும் கரைத்துப் பத்துப் போடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, என் அம்மாவும் போட்டிருக்கிறார். இழுப்பதுதான் வேண்டாம் என்கிறேன். எலும்பு முழுசாக இருக்கிறதா என்று தெரிகிற வரைக்கும் சீன வைத்தியரான சின்சேயோ, மலாய் முறையில் நீவி உருட் போடுகிறவரோ, நம் ஊர்ப் பாட்டியோ, யாரும் இழுக்கக் கூடாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உள்ளே என்னென்ன எலும்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. உள்பக்கம் தடிமனாக இருப்பது டிபியா, வெளிப்பக்கம் ஒல்லியாக வருவது ஃபிபுலா. எடையில் பெரும் பங்கை டிபியாதான் சுமக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் கைக்குத் தட்டுப்படுகிற முண்டு டிபியாவின் முனை, வெளிப்பக்க முண்டு ஃபிபுலாவின் முனை, ஆக இரண்டும் வேறு வேறு எலும்பு. ஒரே உயரத்திலும் இல்லை. இப்போதே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முண்டின் நுனியிலும் விரலை வைத்துப் பாருங்கள், வெளி முண்டு கீழே இறங்கியிருக்கும், கொஞ்சம் பின்னாலும் தள்ளியிருக்கும். இந்த இரண்டு முண்டுக்கும் இடையில், ஸ்பேனரின் வாய்க்குள் நட்டு உட்கார்கிற மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் படத்தில் காணாமல் போன எலும்பு. அதன் பெயர் தாலஸ். அதற்குக் கீழேதான் குதிகால் எலும்பு, அதாவது கல்கேனியஸ். ஒரு பாதத்தில் மொத்தம் 26 எலும்பு, அதில் கணுக்காலை ஒட்டிய 7 எலும்புக்கு டார்சல் எலும்புகள் என்று பெயர். அந்த ஏழில் பின்பாதம் என்று சொல்லப்படுவது இந்த இரண்டு மட்டும்.

சரி, வெளி முண்டு கொஞ்சம் இறங்கியிருந்தால் என்ன என்று கேட்கலாம். கால் பிசகினால் பெரும்பாலும் பாதம் உள்பக்கமாகத்தான் மடங்கும், வெளிப்பக்கமாக மடங்குவது அபூர்வம், அதற்கு ஒரு காரணம் இதில் இருக்கிறது. வெளிப்பக்கம் ஃபிபுலா நீளமாக இறங்கித் தடுத்துவிடுகிறது, அதோடு உள்பக்கம் இருக்கிற டெல்டாய்டு என்கிற ஜவ்வு அகலமும் பலமும் உள்ளது. உள்பக்க முண்டோ குட்டை, அந்தப் பக்கம் சாய எலும்பின் தடை குறைவு. பாதம் உள்ளே மடங்கும்போது வெளிப்பக்க ஜவ்வுகள்தான் இழுபடும். அதிலும் முதலில் அடி வாங்குவது ஃபிபுலாவிலிருந்து முன்னோக்கித் தாலஸுக்குப் போகிற ஜவ்வு. சுளுக்கு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு ஜவ்வின் கதைதான். நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே இழுத்து இடத்துக்குக் கொண்டுவர அங்கே எந்த நரம்பும் இல்லை.

இன்னொரு விஷயம். தாலஸின் மேல்பரப்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே தூக்கினால் அகலமான பகுதி அந்த இரண்டு முண்டுக்கு நடுவில் வந்து கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். பாதத்தைக் கீழே நீட்டினால் குறுகலான பகுதி வரும், பிடி தளரும். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி, பத்துமலைக்கு 272. ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு அடைக்கும், ஆனால் கால் பிசகுவது இறங்கும்போதுதான் அதிகம், ஏனென்றால் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் முன்பாதத்தை நீட்டி வைக்கிறோம், கணுக்கால் தளர்ந்திருக்கிற அதே நேரத்தில் மொத்த எடையும் அதில் விழுகிறது. தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்து முடித்த களைப்பில், ஈரப் படியில், கூட்டம் பின்னால் நெருக்க, இறங்குகிறவர்கள் கைப்பிடிக் கம்பியை விடாமல் வந்தால் நல்லது.

தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையில் இன்னொரு மூட்டு இருக்கிறது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மேலே உள்ள மூட்டு பாதத்தை மேலும் கீழும் ஆட்டுகிறது, இந்தக் கீழ் மூட்டு பாதத்தை உள்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்க்கிறது. ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டு ஐந்தடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடுகிற நடைபாதையில், நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கடை வாசல் ஓர் உயரம், அடுத்த கடை இன்னொரு உயரம், நடுவில் ஒரு சரிவு, ஓரத்தில் லோங்காங் என்கிற சாக்கடை. அந்த மேடுபள்ளத்தில் உடம்பு நேராக நிற்கப் பாதம் மட்டும் சாய்ந்து கொடுக்கிறதே, அது இந்த மூட்டின் வேலை. குதிகால் உடைந்து ஆறியவர்கள் சமதரையில் நன்றாக நடப்பார்கள், கல்லும் மணலுமான இடத்துக்குப் போனால் மட்டும் திணறுவார்கள். இந்த மூட்டு இறுகிப்போனதுதான் காரணம்.

தாலஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த எலும்பில் ஒரு தசையும் வந்து ஒட்டவில்லை. சுற்றிலும் தசைநாண்கள் ஓடுகின்றன, எதுவும் இதைப் பிடித்துக்கொண்டில்லை, ஜவ்வுகளும் பக்கத்து எலும்புகளும்தான் இதை இடத்தில் வைத்திருக்கின்றன. அதன் மேற்பரப்பில் பாதிக்கு மேல் வழவழப்பான குருத்தெலும்பு, அங்கே ரத்தக்குழாய் நுழைய முடியாது. மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்தில்தான் நுழைய வேண்டும், அதில் முக்கியமான வழி கழுத்துப் பகுதி, அதாவது தாலஸின் முன்பக்கத் தலையையும் பின்பக்க உடலையும் இணைக்கிற ஒடுங்கிய இடம். கழுத்தில் நுழைந்த ரத்தம் அங்கிருந்து பின்னோக்கி ஓடித்தான் உடல் பகுதியை எட்டுகிறது. ஆகவே கழுத்தில் முறிந்து எலும்பு விலகிவிட்டால் பின்பகுதிக்குப் போகிற ரத்தம் அறுந்துபோகலாம், எலும்பு அங்கேயே செத்துப்போகலாம். ஹாக்கின்ஸ் என்கிற மருத்துவர் 1970-ல் இந்தக் கழுத்து முறிவுகளை விலகலை வைத்து வகை பிரித்தார், விலகல் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும் என்பதுதான் அதன் சாரம். இப்படி முறிந்த ஒரு காலைச் சுளுக்கென்று நினைத்து ஒருவர் குதிகாலைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்த முறிவு நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போர்க்கால விமானிகளுக்கு விமானம் மோதும்போது மிதிகட்டையில் ஊன்றியிருந்த பாதம் மேல்நோக்கி மடங்கி, தாலஸின் கழுத்து டிபியாவின் முன்விளிம்பில் இடித்து முறிந்தது. ஆண்டர்சன் என்கிற மருத்துவர் 1919-ல் அதற்கு "விமானியின் தாலஸ்" என்கிற பொருளில் பெயர் வைத்து எழுதினார். இன்றைக்கு நம் ஊரில் விமானி எங்கே, கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள்தான். எதிரே கார் வந்ததும் பிரேக்கில் காலை அழுத்தி ஊன்றுகிறார்கள், மோதுகிற வேகத்தில் பாதம் மேலே மடங்குகிறது, அதே இடம், அதே முறிவு.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முறிவுக்குப் பிறகு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் எடுக்கிற படத்தில் தாலஸின் மேல்வளைவுக்குச் சற்றுக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தால் டாக்டர் முகம் மலரும். கறுப்பாகத் தெரிவது எலும்பு அங்கே கொஞ்சம் கரைந்திருக்கிறது என்பதால். ஓய்வில் இருக்கிற காலில் எலும்பு கரைய வேண்டுமானால் அங்கே ரத்தம் ஓட வேண்டும், செத்த எலும்பு கரையாது, வெள்ளையாக அப்படியே நிற்கும். எலும்பு மெலிந்திருக்கிறது என்று படத்தைப் பார்த்து அழுத ஒரு அம்மாவுக்கு டாக்டர் இதைச் சிரித்துக்கொண்டே விளக்கியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

குதிகால் எலும்பு வேறு ரகம். டார்சல் எலும்புகளிலேயே பெரியது, அவற்றில் அடிக்கடி உடைவதும் இதுதான். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்செலும்பு. பின்பக்கம் கெண்டைக்கால் தசையின் தடித்த நாண் வந்து ஒட்டுகிறது, உள்பக்கம் ஒரு திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டு தாலஸைத் தாங்குகிறது, உள்கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே அழுத்தினால் அது கையில் தட்டுப்படும். பாலிக் புலாவில் டுரியான் மரத்திலிருந்தோ, தீபாவளிக்கு ஒட்டடை அடிக்க ஏறிய ஏணியிலிருந்தோ குதிகால் பட விழுந்தால், மேலிருந்து தாலஸ் ஆப்பு மாதிரி இறங்கிக் குதிகால் எலும்பை நசுக்கிவிடும். எலும்பின் உயரம் குறையும், அகலம் விரியும். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு கோடு போட்டு ஒரு கோணத்தை அளப்பார்கள், ஆஸ்திரிய மருத்துவர் போலரின் பெயரில் உள்ள கோணம், சாதாரணமாக 20 முதல் 40 டிகிரி இருக்கும், நசுங்கினால் குறையும், மோசமாக நசுங்கினால் பூச்சியத்துக்குக் கீழேயும் போகும். உள்ளங்கால் பக்கம் கன்றிப்போய் நீலம் பாரித்தால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள், குதிகால் முறிவுக்கு அது நல்ல அடையாளம். விழுந்தவர் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் அதையும் காதில் வாங்குங்கள். குதிகாலில் இறங்கிய அதே அடி இடுப்பு முதுகெலும்பு வரைக்கும் ஏறும், குதிகால் உடைந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும்.

அப்போ பிசகின ஒவ்வொரு காலுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? வேண்டாம். கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் ஒரு எளிய விதியை வகுத்தார்கள், உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். கணு முண்டுகளைச் சுற்றி வலி இருந்து, அதோடு வெளி முண்டின் நுனியிலோ அதன் பின்விளிம்பில் கீழிருந்து 6 சென்டிமீட்டருக்குள்ளோ அழுத்தினால் எலும்பிலேயே வலித்தால் படம் எடு. உள் முண்டுக்கும் இதே கணக்கு. அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவமனையில் பார்க்கிறபோதும் சரி, நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலும் எடு. நடுப்பாதத்தில் வலி இருந்தால் சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் ஓரத்தில் துருத்தி நிற்கிற எலும்பு முனையையும், உள்பக்கம் தாலஸுக்கு முன்னால் இருக்கிற நாவிகுலர் எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தால் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். ஆனால் இந்த விதி கணு முண்டுகளுக்கும் நடுப்பாதத்துக்கும்தான், குதிகால் இதற்குள் வராது. உயரத்திலிருந்து விழுந்தவருக்கும் பைக்கில் மோதியவருக்கும் இதை வைத்துக்கொண்டு வீட்டில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

படத்தைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. தாலஸின் பின்னால் குட்டியாக ஒரு எலும்பு தனியாகத் தெரிந்தால் அது உடைந்த துண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சிலருக்குச் சிறுவயதில் அங்கே ஒட்ட வேண்டிய பகுதி ஒட்டாமலே நின்றுவிடும், ஓரம் வழவழவென்று இருக்கும். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளையின் குதிகால் பின்புறம் பிளவுபட்ட மாதிரி தெரிவதும் அப்படித்தான், அது வளர்ச்சிப் பகுதி, பதினாலு பதினாறு வயதுக்குள் ஒட்டிவிடும். பள்ளி ஓட்டப்பந்தயப் பருவத்தில் குதிகால் வலி என்று வருகிற பிள்ளைகளில் பலருக்கு அந்த இடம்தான் நோகிறது. குதிகாலில் முள் வளர்ந்திருக்கிறது என்று சொல்லப்படுவதும் வலியே இல்லாத எத்தனையோ பேர் படத்தில் இருக்கும்.

கட்டுரை சொல்லாமல் விட்டதில் எனக்கு மிகவும் உறுத்தியது சர்க்கரை நோய். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை, இந்தியர்களிடம் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. உங்கள் வாசகர்களில் மூன்றில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நாள்பட்ட சர்க்கரையால் பாத உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கு அழுத்தினால் வலிக்கும் என்கிற கணக்கே செல்லாது. எலும்பு உடைந்திருக்கும், மூட்டு நொறுங்கிக்கொண்டிருக்கும், அவரோ கடைக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டிருப்பார். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருக்கிறது, புண் எதுவும் இல்லை, வலியும் பெரிதாக இல்லை என்றால் அதற்குப் பெயர் ஷார்கோ பாதமாக இருக்கலாம், இதை அன்றைக்கே காட்ட வேண்டும். கவனிக்காமல் நடந்தால் பாதத்தின் வளைவு இடிந்து கீழே இறங்கிவிடும், பிறகு அந்த இடத்தில் புண், அப்புறம் அறுவை. அப்படிப்பட்ட பாதத்துக்குச் சூடு வைத்து எண்ணெய் போட்டு நீவுங்கள் என்று சொல்வது நெருப்பில் கையை வை என்பதற்குச் சமம், சூடு தெரியாமல் தோல் வெந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக எங்கள் அறை சம்பந்தப்பட்ட ஒன்று. நேராகப் படுக்கவைத்து எடுத்தால் ஃபிபுலா டிபியாவுக்குக் கொஞ்சம் பின்னால் இருப்பதால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வெளிப்பக்க இடைவெளி மறைந்துவிடும். அதனால்தான் காலைப் பதினைந்து இருபது டிகிரி உள்பக்கம் திருப்பச் சொல்கிறோம், வலிக்கிற காலை ஏன் திருப்புகிறான் என்று திட்டாதீர்கள், அந்தப் படத்தில்தான் தாலஸைச் சுற்றி இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று தெரியும். உள்பக்க இடைவெளி விரிந்திருந்தால் எலும்பு முழுசாகத் தெரிந்தாலும் ஜவ்வு போயிருக்கலாம். அதேபோல அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிச் சீட்டு எடுத்துவிட்டு டாக்டரிடம் "கால் சுளுக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் கணுக்கால் படம் கேட்பார், நாங்களும் கணுக்கால் படம்தான் எடுப்போம். அதன் பக்கவாட்டுப் படத்தில் குதிகால் தெரியும், ஆனால் அகலவாக்கில் விரிந்து நசுங்கியது தெரியாது, அதற்குக் குதிகாலின் பின்பக்கத்திலிருந்து சாய்த்து எடுக்கிற தனிப்படம் வேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தீர்கள், விரல் வைத்தால் எந்த இடத்தில் உயிர் போகிறது, விழுந்த பிறகு நடந்தீர்களா, சர்க்கரை உண்டா, இடையில் யாராவது இழுத்துவிட்டார்களா என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்குக் கூச்சப்பட்டுப் பொய் சொல்கிறவர்கள்தான் அதிகம், டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எக்ஸ்ரே பணியாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு